வாடிகன் வேறு, திருப்பீடம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

போப் ஆண்டவர் பற்றிய செய்திகளில் இரண்டு அமைப்புகளை ‘வாடிகன்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

வாடிகன் நகர அரசுக்கு வயது நூறுகூட ஆகவில்லை. 1929 பிப்ரவரி 11 அன்று இத்தாலியின் சார்பில் முசோலினியும் திருப்பீடத்தின் சார்பில் கர்தினால் காஸ்பாரியும் கையெழுத்திட்ட லாத்தரன் ஒப்பந்தத்தில் பிறந்தது அது. பரப்பளவு அரை சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. போப்பின் ஆட்சிப்பீடமான திருப்பீடமோ பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. ரோம் நகரை 1870-ல் இத்தாலி கைப்பற்றிய பிறகு 59 ஆண்டுகள் போப்புக்கு நாடே இல்லை. அப்போதும் வெளிநாடுகளோடு தூதர்களைப் பரிமாறிக்கொண்டுதான் இருந்தார். இன்றும் நாடுகள் தூதரை அனுப்புவது திருப்பீடத்துக்கே. 1964 முதல் ஐ.நா.வில் பார்வையாளராக இருப்பதும் அதுவே. ஆகவே ‘வாடிகன் தூதர்’ என்று எழுதுவது பிழை.

‘வாடிகன் பிரதமர்’ அதைவிடப் பெரிய பிழை. அப்படியொரு பதவியே கிடையாது. அப்படிக் குறிப்பிடப்படும் கர்தினால் பரோலின் திருப்பீடச் செயலகத்தின் தலைவர். அஞ்சல், அருங்காட்சியகம் போன்ற நகர நிர்வாகம் ஆளுநரகத்தின் பொறுப்பு. 2025 மார்ச் முதல் அதன் தலைவர் அருட்சகோதரி ரஃபேயெல்லா பெட்ரினி. என்றாலும் சட்டம், நிர்வாகம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் முழுமையாகப் போப்பிடமே உள்ளன. 2023 ஜூன் 7-ல் நடைமுறைக்கு வந்த வாடிகன் நகர அரசின் அடிப்படைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

குடியுரிமையும் விசித்திரம்தான். அங்கே பிறந்தாலே குடிமகனாகிவிட முடியாது. பெரும்பாலும் பதவியால் வருவது, பதவி போனால் போய்விடும். அப்படி இழந்தவர் கையில் வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாவிட்டால், லாத்தரன் ஒப்பந்தத்தின்படி அவர் இத்தாலியராகிவிடுவார்.

இன்னொன்று: புனித பேதுரு சதுக்கம் வாடிகன் மண், ஆனால் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்போது அங்கே காவல் பார்ப்பது இத்தாலியப் போலீஸ். பேராலயப் படிக்கட்டின் அடியோடு அவர்கள் அதிகாரம் நின்றுவிடும். அழைப்பு வந்தாலொழிய மேலே ஏறக்கூடாது. 1981 மே 13 அன்று அதே சதுக்கத்தில் போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்ட மெஹ்மத் அலி அக்சாவை விசாரித்துத் தண்டித்தது இத்தாலிய நீதிமன்றம். ‘வாடிகன் போலீஸ் பாதுகாப்பில் சதுக்கம்’ என்று தலைப்பிடும் முன் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்