நமது கடல் மீன் தொட்டி வளர்ப்போர் சங்கத்தின் 2023–24 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் சக உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பப்படும். அவர்கள் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், சந்தா பற்றிய பகுதி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன. ஜூன் கூட்டத்தில், தண்ணீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்ப்பது பற்றிச் செயல்விளக்கம் நடந்தது. ஆகஸ்டில் கொளத்தூர் கடைகளுக்குச் சேர்ந்து போய்வந்தோம். மண்டபம் சென்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தைப் பார்க்கும் பயணம், முன்பணம் கட்டியவர்களைக் கொண்டு ஒரு கார்கூட நிரம்பாததால் இந்த ஆண்டும் தள்ளிப்போனது. பொங்கல் சந்திப்பு இனிதே நடந்தது.

டிசம்பர் கூட்டம் மிக்ஜாம் புயலால் நடக்கவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து உறுப்பினர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். கடலிலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுத்து வருபவர்களுக்கு இரட்டை அடி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோரத் தண்ணீரில் உப்பு எப்படியும் இறங்கிவிடும். இந்த முறை எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியது. ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலவையைக் கரைத்துப் பயன்படுத்துங்கள் என்று நான் பல கூட்டங்களில் சொன்னதை இப்போது சிலர் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

இனி முக்கியமான பணிக்கு வருகிறேன். பவளப்பாறைப் பகுதிகளில் வாழும் ராஸ் (wrasse) மீன்களுக்கான கூட்டுக் கொள்முதலும், புதிதாக வரும் மீன்களைத் தனியே வைத்து நோய் பார்க்கச் சங்கம் வைத்த குவாரண்டைன் தொட்டியும்தான் அது. இதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ராஸ் குடும்பத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. விரல் நீளம் மட்டுமே வளரும் சிக்ஸ்லைன் ராஸும் இதில் அடக்கம், இரண்டு மீட்டரைத் தாண்டும் நெப்போலியன் ராஸும் அடக்கம். கடையில் எல்லாமே குட்டியாக, ஒரே அளவில் நிற்கும். நம் உறுப்பினர்கள் நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். ஆரஞ்சு உடம்பில் கறுப்பு ஓரமிட்ட வெள்ளைத் திட்டுகளோடு ஒரு கோரிஸ் குட்டியை, க்ளவுன் மீனுக்குச் சொந்தம் போலிருக்கிறது என்று சொல்லி வாங்கிய உறுப்பினர் இங்கேயே இருக்கிறார். அது ஒரு அடிக்கு மேல் வளரும், நிறம் முழுக்க மாறும், இரை தேடிக் கற்களைப் புரட்டிப் போடும். இப்போது அவர் தொட்டியில் பாறை அடுக்கு எதுவும் போட்ட இடத்தில் இல்லை. நிலா ராஸ் நம் மன்னார் வளைகுடாவிலேயே கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் இறால் வைத்திருக்கும் தொட்டியில் அதை விட்டால் மறுநாள் இறாலைத் தேட வேண்டியதுதான்.

எனவே கொள்முதல் பட்டியலை நிறத்தை வைத்துத் தயாரிக்கவில்லை. மீன் எங்கே தூங்கும் என்பதை வைத்துத் தயாரித்தேன். ஹாலிகோரஸ், கோரிஸ், லெப்பர்ட் ராஸ் வகைகள் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும். இவற்றுக்குக் குறைந்தது இரண்டு அங்குல ஆழத்துக்கு மெல்லிய மணல் வேண்டும். அடித்தளம் வெறும் கண்ணாடியாக இருக்கும் தொட்டிக்கு இவை ஆகாது. ஃபேரி ராஸ், ஃப்ளாஷர் ராஸ் வகைகளுக்கு மணல் தேவையில்லை. பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கும். யார் தொட்டி எப்படி என்று விவரம் கேட்டுப் படிவம் அனுப்பினேன். பாதிப் பேர் பூர்த்தி செய்து அனுப்பினார்கள். மீதிப் பேர் "எனக்கும் ஒண்ணு" என்று மட்டும் எழுதினார்கள்.

முதல் பெட்டி பாலியிலிருந்து, உரிய அனுமதியோடு இறக்குமதி செய்யும் மொத்த வியாபாரி வழியாக வந்தது. அதில் மணலில் தூங்கும் வகைகளான மஞ்சள் ஹாலிகோரஸும் மெலனூரஸும் இருந்தன. குவாரண்டைன் தொட்டியில் அடிமணல் போடுவதில்லை. ஒரு மூலையில் பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு விரல் ஆழத்துக்கு மணல் வைத்திருந்தேன். அதுவும் பவள மணல் இல்லை, நீச்சல் குள ஃபில்டரில் போடுகிற சிலிக்கா மணல். பவள மணல் மருந்துக் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் அளவு நிற்காது. இந்த டப்பாவைப் பார்த்து "இதற்கா சங்கப் பணம்?" என்று கேட்டவர்கள் உண்டு. டப்பா வைக்காவிட்டால் இந்த மீன் வெறும் கண்ணாடியில் தலைகீழாகப் பாய்ந்து பாய்ந்து வாயைக் கிழித்துக்கொள்ளும். வாய் புண்ணான ராஸ் சாப்பிடாது. சாப்பிடாத ராஸ் தேறாது.

பையைத் திறந்து விட்டதுமே மெலனூரஸ் ஒன்று டப்பாவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது, பக்கவாட்டில் சாய்ந்தது, அவ்வளவுதான், மணல் லேசாகப் புகைந்தது, மீனைக் காணோம். மறுநாள் காலையில் மணல் மட்டத்தில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை என்னைப் பார்த்துத் திரும்பின, மறுபடி உள்ளே போய்விட்டன. இப்படிச் சில நாள் நடக்கும், பதற வேண்டாம் என்று குழுவில் எழுதியிருந்தேன். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பாலியில் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை ஆறு மணி ஆகும்போது இங்கே மூன்றரை. மீனுக்கு அந்தக் கணக்குதான் உடம்பில் இருக்கும். நான்கு மணிக்கெல்லாம் படுக்கப் போய்விடும், விடியாத இருட்டில் எழுந்து நிற்கும். அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வந்து தொட்டியைப் பார்க்கிறவர் கண்ணில் எப்படிப் படும்? ஆனாலும் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்த ஒரு உறுப்பினர், தன் மீன் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, நான் டீ போடப் போன நேரத்தில் வலைக் கம்பியால் மணலைக் கிளறிவிட்டார். மீனுக்கு விலாவில் கீறல். அது பிழைத்தது. அதற்கான பணத்தை அவர் இன்னும் கொடுக்கவில்லை.

லெப்பர்ட் ராஸ் பற்றியும் பதிவு செய்ய வேண்டும். இயற்கையில் அது நாள் முழுக்க மணலிலும் பாசியிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். கோபிபாட் என்னும் அந்தச் சிறு உயிர்கள் பெருகிப் பழகிய பழைய தொட்டிக்குத்தான் அது ஏற்றது, கூட்டுக் கொள்முதலில் வேண்டாம் என்று நான் செயற்குழுவில் சொன்னது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட்டு வாங்கினேன். வயிறு ஒட்டித்தான் வந்தன. உறைய வைத்த சிறு இறால் போன்ற தீனியான ஃப்ரோசன் மைசிஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிவு எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாவுகளைக் குவாரண்டைன் தொட்டியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

பிற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் க்ளீனர் ராஸை "டாக்டர் மீன்" என்று கேட்டவர்களுக்கு நான் ஏன் வாங்கித் தரவில்லை என்பதற்கும் விளக்கம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் செய்த ஆய்வில், ஒரு க்ளீனர் ராஸ் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாகக் கணக்கிட்டார்கள். நம் நான்கடித் தொட்டியில் அத்தனைக்கு எங்கே போகும்? பெரும்பாலானவை மெலிந்து செத்துப்போகின்றன. வெள்ளைப்புள்ளி நோயையும் அது தீர்க்காது. அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கிறது, கொத்தினால் வராது. போதாக்குறைக்கு, அதே கோடுகளைப் போட்டுக்கொண்டு பிற மீன்களின் துடுப்பைக் கடித்துத் தின்னும் போலி மீன் ஒன்றும் உண்டு. வாங்கியே தீருவேன் என்பவர்கள் வாயைப் பாருங்கள். அசலுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், போலிக்கு முகத்துக்கு அடியில் தள்ளியிருக்கும். நெப்போலியன் ராஸ் குட்டி கிடைக்குமா என்று கேட்டவருக்கு இங்கேயே பதில்: 2004 முதல் அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, சங்கம் அதில் தலையிடாது. நம் கடற்கரையில் எடுத்த பவளம் பற்றியும் அதே பதில்தான். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. குழுவில் படம் போட்டுவிட்டு "சும்மா காட்டினேன்" என்று சொல்வதும் வேண்டாம்.

மூடி பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியும் பயனில்லை. ராஸ் துள்ளும். புது வீட்டில் முதல் வாரம் கட்டாயம் துள்ளும். ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை அலுமினியக் கொசுவலைச் சட்டத்தில் அடித்துக்கொள்ளுங்கள் என்று அளவோடு எழுதினேன். ஒருவர் பால்கனியில் மிச்சமிருந்த புறா வலையைக் கட்டினார். ஃப்ளாஷர் ராஸ் அந்தக் கண்ணில் தாராளமாகப் புகுந்து தரைக்கு வந்துவிட்டது. வேறொருவர் முதலிலேயே சிக்ஸ்லைனை விட்டு, அது தொட்டி முழுக்கத் தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்ட பிறகு ஃபேரி ராஸை விட்டார். சிக்ஸ்லைன் கடைசியில் போக வேண்டும் என்பது படிவத்தின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது.

தொட்டி ஏன் செயலாளர் வீட்டில் இருக்கிறது என்று பின்வரிசையில் கேள்வி எழுவதாகத் தெரிகிறது. வேறு யாரும் இடம் தர முன்வரவில்லை என்பதே பதில். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் பம்பும் இரவு பகலாக ஓடுவதால் என் வீட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டி மேல்கட்டணத்துக்குப் போய்விட்டது. அந்த வித்தியாசத்தைச் சங்கத்திடம் நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது மட்டும் குறிப்பில் பதிவாக வேண்டும். குவாரண்டைன் முடிந்து என்னிடமிருந்து போன மீன்களில் பெரும்பாலானவை இன்றும் உறுப்பினர்களின் தொட்டிகளில் நீந்துகின்றன. தங்கள் தொட்டிப் படத்தைப் போடும்போது சிலர் இதைக் குறிப்பிட்டிருக்கலாம்.

வரவு செலவு ஏறத்தாழ ஈடாக உள்ளது. மருந்து, மணல், போக்குவரத்து எல்லாம் பொதுச்செலவில் சேர்ந்திருக்கிறது. புயல் மழையில் நனைந்த சில ரசீதுகளைப் பொருளாளர் உலர்த்தி வைத்திருக்கிறார். விவரம் அவர் சொல்வார். சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. சந்தா கட்டாமல் கூட்டுக் கொள்முதலில் மீன் மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பெண் மீன் விலைக்கு வாங்கிய ஃபேரி ராஸ் சில மாதத்தில் ஆணாக மாறி, நிறம் ஏறி, தன் தொட்டிக்கே அழகு சேர்ந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு படம் போட்ட உறுப்பினர், அந்தப் பெண் மீன் விலையையே இன்னும் தரவில்லை.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த துணைத் தலைவருக்கும், ஒத்துழைத்த குடும்பத்தினருக்கும் நன்றி. என் வீட்டாருக்கு நன்றி சொல்வது மரபில்லை என்பதால் சொல்லவில்லை.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சில வார்த்தைகள். க்ளீனர் ராஸ் கூட்டத்தில் ஆண் மீன் இறந்தால், பெரிய பெண் மீன் சில மணி நேரத்திலேயே ஆணின் வேலையைத் தொடங்கிவிடுகிறது, இரண்டு வாரம் போல ஆனதும் உடம்பாலும் ஆணாகிவிடுகிறது என்று 1972-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் சங்கத்தில் நான் பொறுப்பை விட விரும்புவதாகச் சென்ற ஆண்டே சொன்னேன். இதுவரை எவரிடமும் எந்த மாற்றமும் தென்படவில்லை. மறுபடி என்னையே கேட்டால் யோசிப்பேன், ஆனால் சில ஏற்பாடுகள் தேவை. தொட்டி அடுத்த கோடை வெயிலுக்கு முன்பே வேறொரு வீட்டுக்கு மாற வேண்டும். கீழ்த்தளம், இன்வெர்ட்டர், பகலில் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். அடுத்த பெட்டிக்கு மொத்த வியாபாரி முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார். மாலத்தீவில் 2022-இல் புது இனமாக அறிவிக்கப்பட்ட ரோஜா நிற ஃபேரி ராஸை ஒரு உறுப்பினர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். ஆழத்தில் வாழும் மீன், மேலே கொண்டுவரும்போதே காற்றுப்பை பாதிக்கப்படலாம், விலையும் அப்படி. முதலில் இரண்டு ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டு அவர் அந்தப் பேச்சைத் தொடரலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன். நிலுவை வைத்துள்ளவர்களின் பெயர்ப்பட்டியல் இதனுடன் இணைக்கப்படவில்லை. அடுத்த மாதக் கூட்டம் வரை அது பொருளாளரின் பையில் இருக்கும்.

செயலாளர்