பாழடைந்த வீட்டுக்கு மனு போதாது, கோட்டாட்சியரிடம் வழக்காகவே கொண்டுசெல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் சுவர் இடிந்து விழுந்த செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின்மேல் சரிந்ததில் 17 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பரில் மதுரையில் இரவு ரோந்துப் பணியில் இருந்த தலைமைக் காவலர் ஒருவர், பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார். இத்தகைய செய்திகளுக்குப் பிறகு எழுதுவோர் பலரும் புதிய சட்டம் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆபத்தான சுவரை அகற்றுவதற்கு உரிய சட்டம் நம்மிடம் நெடுங்காலமாகவே இருக்கிறது. அதை எந்த அதிகாரியிடம், எந்தப் பிரிவின்கீழ் கேட்பது என்பதுதான் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவுக்கும் நான்கு ஆண்டுகள் அது தெரியவில்லை என்பதாலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நாங்கள் வசிப்பது காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிறிய நகராட்சியில். எங்கள் தெருவின் வடக்குச் சிறகில் இரட்டைத் திண்ணை வைத்த ஓட்டு வீடு ஒன்று பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தது. உரிமையாளர் காலமானபின் வாரிசுகள் ஆறு பேர். மூவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், இருவர் சென்னையில். இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்பது மற்ற ஐவருக்குமே தெரியாது. பாகப்பிரிவினை வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்க, பட்டா இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. தெருப்பக்கச் சுவரில் முளைத்த அரசங்கன்று ஆளுயரம் வளர்ந்து, அதன் வேர் செங்கல்லைப் பிளந்து, சுவரின் நடுப்பகுதி ஒரு சாண் அளவுக்குத் தெருவை நோக்கிப் பிதுங்கி நின்றது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்த இடம் நெருங்கியதும் யாரும் சொல்லாமலே எதிர்ச்சிறகுக்கு மாறி நடப்பார்கள். கொல்லைக் கிணற்றுக்கு மூடியும் இல்லை, கைப்பிடிச் சுவரும் பாதிதான் மிஞ்சியிருந்தது.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் நகராட்சியிலுமாக நான்கு ஆண்டுகளில் ஏழு மனுக்கள் கொடுத்தோம். உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளது என்றும், சொத்து தொடர்பான வழக்கு நிலுவையில் உள்ளதால் மேல்நடவடிக்கைக்கு வழியில்லை என்றும் ஏறத்தாழ ஒரே வாசகத்தில் பதில்கள் வந்தன. கதவில் ஒட்டிய அறிவிப்பு இரண்டு மழையில் கரைந்து போயிற்று. பிறகுதான், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தெருவாசி ஒருவர், "மனு கொடுத்தது போதும், 133 போடுங்கள்" என்றார்.

அவர் சொன்னது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152-ஆவது பிரிவாக இருக்கிறது. ஒரு கட்டடமோ மரமோ விழுந்து, அக்கம்பக்கத்தில் வசிப்போருக்கோ தொழில் செய்வோருக்கோ அவ்வழியே செல்வோருக்கோ காயம் ஏற்படும் நிலையில் இருந்தால், அதை அகற்றவோ பழுதுபார்க்கவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தை அப்பிரிவு மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் நிர்வாக நடுவர் என்ற முறையில் வழங்குகிறது. பொதுவழியை ஒட்டிய கிணறு, குளம், பள்ளம் ஆகியவற்றுக்கு வேலி அமைக்கச் சொல்லவும் அதே பிரிவு இடமளிக்கிறது. காவல் துறையின் அறிக்கை இருந்தாலும் சரி, பொதுமக்கள் தரும் தகவல் இருந்தாலும் சரி, நடுவர் விசாரணையைத் தொடங்கலாம்.

நான்கு ஆண்டுகள் எங்களைத் தடுத்து நிறுத்திய இரண்டு பதில்களும் இந்தப் பிரிவின் முன் நிற்கவில்லை. கட்டடத்தின் உரிமையாளர், அதை வைத்திருப்பவர், அதன்மேல் கட்டுப்பாடு உள்ளவர் என யாருக்கு வேண்டுமானாலும் ஆணையை அனுப்பலாம். பாகப்பிரிவினை வழக்கு யாருக்கு எத்தனை பங்கு என்பதைத் தீர்மானிப்பது. சுவர் விழுமா விழாதா என்ற கேள்வி அந்த வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆளை நேரில் கண்டு ஆணையைக் கொடுக்க முடியாவிட்டால், அதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டு உரிய இடங்களில் ஒட்டவும் சட்டத்தில் வழி உண்டு. எனவே வாரிசுகள் வெளிநாட்டில் இருப்பதும் தடையாகாது. குறித்த காலத்துக்குள் வேலை நடக்காவிட்டால், நடுவரே அதைச் செய்து முடித்து, அகற்றிய பொருள்களை விற்றுச் செலவை ஈடுகட்டலாம். விசாரணை முடியும்வரை பொறுக்க முடியாத ஆபத்து என்றால் உடனடித் தடுப்பு நடவடிக்கைக்கும் உத்தரவிடலாம். முறையாகப் பிறப்பித்த ஆணையை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது. விசாரணையை 90 நாள்களுக்குள், காரணத்தைப் பதிவுசெய்து நீட்டித்தால் 120 நாள்களுக்குள், முடிக்க வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்திருக்கும் நல்ல திருத்தம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டாரோடு இருக்கும் சொந்தத் தகராறுக்கு இந்தப் பிரிவு பயன்படாது. பொதுமக்களுக்கு ஆபத்து என்பதை ஆவணங்களோடு காட்ட வேண்டும். அதனால் ஒன்பது வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டோம். நில அளவைப் பதிவேட்டின் நகல், வில்லங்கச் சான்று, தேதி தெரியும்படி எடுத்த படங்கள், கட்டடப் பொறியாளர் ஒருவரின் கருத்துரை, முந்தைய ஏழு மனுக்களுக்கான பதில்கள் ஆகியவற்றை இணைத்து, தலைப்பிலேயே பிரிவு எண்ணைக் குறிப்பிட்டோம். குறித்த காலத்துக்குள் ஆபத்தை நீக்க வேண்டும், இல்லையேல் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை ஆணை போனதும், சென்னையில் இருந்த வாரிசு ஒருவர் தாமே நேரில் வந்தார். மூன்று மாதங்களுக்குள் பிதுங்கிய சுவரை அவர் செலவிலேயே இறக்கிவிட்டு, கிணற்றின்மேல் கான்கிரீட் பலகை போட்டார். நான்கு ஆண்டுகளில் நடக்காதது அது.

இந்தப் பிரிவின் வலிமையை 1980-இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், திறந்த சாக்கடையின் நாற்றத்தைத் தாங்க முடியாத குடியிருப்பாளர்கள் 133-ஆவது பிரிவின்கீழ் நடுவரிடம் போனார்கள். நகராட்சி தன்னிடம் நிதி இல்லை என்று வாதாடியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, நிதிப் பற்றாக்குறையைக் காட்டிச் சட்டக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று கூறிவிட்டது. ஆகவே பாழடைந்து கிடப்பது அரசுக் கட்டடமாக இருந்தாலும் பொதுமக்கள் தயங்க வேண்டியதில்லை.

இதைத் தவிர உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் இருக்கிறது. பொதுத் தொல்லைக்கு எதிராக, தமக்குத் தனிப்பட்ட நட்டம் இல்லாவிட்டாலும் இருவர் சேர்ந்து நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குத் தொடுக்கலாம். கொசுவும் கழிவும் பெருகிய காலிமனைகளுக்கு 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் போதும்.

ஆனால் எங்கள் அனுபவத்தின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். சுவர் போனது, வீடு அப்படியே பூட்டிக் கிடக்கிறது. கூரை இன்னும் சரிகிறது, கொல்லையில் புதர் மண்டுகிறது, திண்ணையில் இரவில் குடிக்க வந்து உட்காருகிறார்கள். விழப்போவதைத் தடுக்கும் சட்டத்துக்கு வீட்டை மீண்டும் வாழும் வீடாக்கும் ஆற்றல் இல்லை. அந்த ஆற்றல் ஓரளவுக்கு வாரிசுகளின் கையில்தான் இருக்கிறது. வசதியாகப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கிடுமாறு, பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்டால் உத்தரவிடும் அதிகாரத்தை 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் நீதிமன்றத்துக்குத் தருகிறது. வழக்கு நடக்கும் காலத்தில் சொத்தைப் பராமரிக்க ரிசீவர் ஒருவரை நியமிக்கவும் உரிமையியல் நீதிமன்றங்களால் முடியும். இவை தெரியாமலோ, தெரிந்தும் ஒருவரோடு ஒருவர் பேசாமலோ, எத்தனையோ குடும்பங்கள் தாய்வீட்டை மழைக்கு விட்டுவிடுகின்றன என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ரிசீவரை நியமிக்கக் கேட்கும் உரிமை வழக்கின் தரப்பினருக்கே உண்டு, பாதிக்கப்படும் தெருவுக்கு இல்லை. இந்த இடத்தில்தான் நமக்குப் புதிய சட்டம் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2008-இல் இயற்றிய சட்டத்தின்படி, குறைந்தது 12 மாதங்கள் ஆளில்லாமல் கிடக்கும் பாழ்வீட்டுக்குப் பராமரிப்பாளர் ஒருவரை நியமிக்குமாறு அருகில் வசிப்பவரோ தொண்டு நிறுவனமோ உள்ளாட்சி அமைப்போ நீதிமன்றத்தைக் கேட்கலாம். நீதிமன்றம் முதலில் உரிமையாளருக்கே சீர்செய்யும் வாய்ப்பைத் தரலாம். அவர் முன்வராவிட்டால் பராமரிப்பாளர் செப்பனிடுகிறார், தேவையானால் நீதிமன்ற அனுமதியோடு விற்கிறார். செலவும் கடனும் போக மிச்சம் உரிமையாளரைச் சேரும்.

அங்கும் குறைகள் உண்டு. நிலமதிப்பு ஏறிய பிலடெல்பியா பகுதிகளில், கட்டுமான வணிகர்கள் ஏழைகளின் சொத்தைக் குறைந்த விலைக்குப் பறிக்க இச்சட்டத்தைப் பயன்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு வலுவாக எழுந்தது. நம் ஊரில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்றே நான் கருதுகிறேன். ஆள் குடியிருக்கும் வீட்டை இச்சட்டம் தொடக் கூடாது. வாடகைக்காரரைக் கிளப்ப விரும்பும் உரிமையாளருக்கும் இது கருவியாகிவிடக் கூடாது. மனுதாரரோ அவருடைய உறவினரோ அந்தச் சொத்தை வாங்கத் தடை வேண்டும். வறுமையால் பழுதுபார்க்க இயலாத உரிமையாளருக்கு முதலில் உதவியே தர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் செப்டம்பர் முடிவதற்குள் தன் எல்லையில் உள்ள ஆபத்தான கட்டடங்களின் பட்டியலை, நில அளவை எண்ணோடு வார்டு வாரியாக வெளியிட்டு, அதன் படியைக் கோட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும். 152-ஆவது பிரிவின்கீழ் விசாரணையைத் தொடங்க அந்தத் தகவலே போதுமானது. எந்தத் தெருவும் எங்களைப் போல ஏழு மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டியிராது. அப்படி வெளியாகும் பட்டியலை உங்கள் மாவட்டப் பக்கங்களில் மழைக்கு முன்பே அச்சிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
காவிரிப் படுகை.