எழுதுமேசையும் ஜெர்மானியர் சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர்த்துகீசியரிடமிருந்து 'மேசை'யைக் கடன் வாங்கிய நம்மைப் போலன்றி, ஜெர்மானியர் தம் சொந்தச் சரக்கைக் கொண்டே எழுதுமேசைக்கு 'ஷ்ரைப்டிஷ்' என்று பெயர் கட்டிக்கொண்டனர் எனத் தங்கள் ஞாயிறு மலரின் சொல்லாக்கக் கட்டுரை கூறியிருந்தது. அச்சொல்லின் இரு பாதிகளுமே வெளியிலிருந்து வந்தவை என்பதைச் சுட்டவே இக்கடிதம்.

'டிஷ்' என்னும் பின்பாதியின் மூலம், கிரேக்கர் எறிந்து விளையாடிய வட்டைக் குறித்த 'டிஸ்கோஸ்'. இலத்தீனில் அது 'டிஸ்குஸ்' ஆகித் தட்டையும் குறித்தது. பழைய ஜெர்மனிலோ தட்டு, மேசை ஆகிய இரு பொருளும் அதற்கு உண்டு. இது வியப்புக்குரியதன்று. ஜெர்மானியர் ஒவ்வொருவருக்கும் தனி இருக்கையும் தனி மேசையும் உண்டென்று கி.பி. 98-ஆம் ஆண்டளவில் உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதினார். ஆளுக்கொரு சிறு பலகையில் உணவு வைக்கும் இடத்தில் தட்டுக்கும் மேசைக்கும் தூரம் குறைவுதானே. அவ்விடத்தில் அவர் ஆண்ட 'மென்சா' என்னும் இலத்தீன் சொல்லே, போர்த்துகீசிய 'மேசா'வாகி, நமக்கு 'மேசை'யாக வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தின் 'டிஷ்', 'டெஸ்க்' இரண்டும் 'டிஸ்குஸ்' வழியினவே.

முன்பாதிக்குரிய 'ஷ்ரைபன்' என்னும் வினை, எழுதுதலைக் குறிக்கும் இலத்தீன் 'ஸ்க்ரீபெரே'. கீறுதலைக் குறித்த பழைய ஜெர்மானிய வினையை எழுத்துக்கென வைத்துக்கொண்டது ஆங்கிலம்தான்; அதுவே 'ரைட்'. அதன் ஜெர்மன் உடன்பிறப்பான 'ரைசன்' இன்று பெரும்பாலும் கிழித்தலையே குறிக்கிறது.

கலப்பற்ற ஜெர்மன் கூட்டுச்சொல்தான் வேண்டுமெனில் நம் மாவட்ட வரலாற்றிலேயே ஒன்று உண்டு. 1806-இல் மயிலாடிக்கு வந்த ஜெர்மானியக் கிறித்தவ ஊழியர் ரிங்கல்தௌபே ஐயரின் பெயர் வளையத்தையும் புறாவையும் சேர்த்தது. கழுத்தில் வெண்பட்டையுள்ள காட்டுப்புறா ஒன்றுக்கு அம்மொழியில் அதுவே பெயர்.

சொற்களைச் சேர்க்கும் முறையைத்தான் கட்டுரையாளர் பாராட்டுகிறார் என்றால் நானும் உடன்படுவேன். ஆனால் காலம் காட்டாத வினைப்பகுதியைப் பெயரோடு ஒட்டும் அம்முறை நமக்குப் புதிதன்று. ஊறுகாய், சுடுசோறு என்று பள்ளியில் படித்த வினைத்தொகைதான் அது. எழுதுமேசையும் அப்படியே அமைந்தது. தக்கலை ஆசாரி ஒருவர் என் தந்தைக்கு அயினிப் பலகையில் செய்து தந்த, மைக்கூடு வைக்கும் குழியில் நீலக்கறை இன்னும் போகாத எழுதுமேசையில்தான் இதை எழுதுகிறேன். அதற்கு வேறு பெயர் தேடும் எண்ணம் எனக்கில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.