வீட்டு மொழியை ஏன் நிறுத்த வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேறு நாட்டில் குடியேறும் குடும்பங்களிடம், “பிள்ளை பள்ளியில் தடுமாறக் கூடாதென்றால் வீட்டிலும் அந்த நாட்டு மொழியிலேயே பேசுங்கள்” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சில ஆசிரியர்களும் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் தவறான யோசனை. தமக்கே அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பெற்றோர் பேசத் தொடங்கினால், வீட்டுப் பேச்சு “சாப்பிடு, குளி, சீக்கிரம் வா” என்பதோடு சுருங்கிவிடும். மழை ஏன் பெய்கிறது, அவன் ஏன் கோபித்துக்கொண்டான் என்ற நீண்ட பேச்சுதான் பிள்ளையின் மொழியை வளர்க்கும். கழித்தல் என்றால் என்னவென்று வீட்டு மொழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பள்ளி மொழியில் அதற்கான சொல் மட்டும்தான் புதிது, கணக்கு புதிதல்ல.

புதிய வகுப்பில் பிள்ளை சில வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில்கூட, வாயே திறக்காமல் இருக்கலாம். பதற வேண்டாம். சொன்னதைச் செய்கிறதா, சைகையாவது காட்டுகிறதா, வீட்டில் வழக்கம்போல் பேசுகிறதா என்று பாருங்கள். உண்மையான மொழிக் குறைபாடு இரண்டு மொழியிலும் தெரியும். அதனால் ஸ்பீச் தெரபிஸ்ட் பள்ளி மொழியில் மட்டும் சோதித்து அறிக்கை தந்தால், வீட்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது அவசியம்.

“நான் ரன் பண்ணி விழுந்துட்டேன்” என்று பிள்ளை சொன்னால் பலருக்கு வருத்தம். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளியிலிருந்து வந்தது ‘ரன்’ ஒன்றுதான். ‘பண்ணி’ என்ற எச்சம், ‘ஏன்’ விகுதி, கடைசியில் வரும் வினை எல்லாம் அசல் தமிழ் இலக்கணம். “ரன் இல்லை, ஓடி என்று சொல்” என்று இடைமறித்தால் பேச்சே நின்றுவிடும். “அடடா, ஓடி விழுந்துட்டியா? எங்கே அடிபட்டது?” என்று கேளுங்கள். சரியான சொல் காதில் விழும், பேச்சும் தொடரும்.

பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து ஏமாறும் இடம் வேறு. கனடாவின் டொராண்டோவில் குடியேறிய மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்த மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், விளையாட்டுத் திடலில் பேசும் மொழி சுமார் 2 ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்று 1981-இல் எழுதினார். இரண்டாம் ஆண்டில் பிள்ளை சரளமாகப் பேசுவதைப் பார்த்துக் கூடுதல் மொழி வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அறிவியல் தாளில் “ஒப்பிடுக”, “இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்?” என்று வரும்போது மதிப்பெண் சரிகிறது. கவனம் போதவில்லை என்று பிள்ளைமேல் பழி விழுகிறது. அந்த வகுப்பை நிறுத்துவதற்கு முன், பேச்சை வைத்து முடிவெடுத்தார்களா, எழுத்தை வைத்தா என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

வீட்டு மொழி முதலில் நழுவுவது பெரும்பாலும் இளைய பிள்ளையிடம். மூத்தது பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் இரண்டும் தங்களுக்குள் பள்ளி மொழியில் பேசிக்கொள்ளும். இளையதுக்குத் தாய்மொழி புரியும், பேச வராது. அதனோடு தனியாகப் பேசவும் படித்துக் காட்டவும் தினமும் நேரம் ஒதுக்க வேண்டும். வேறு மொழியில் பதில் சொன்னாலும் பெற்றோர் தம் மொழியை மாற்றக் கூடாது.

புதிய மொழியில் பெரியவர்களுக்குக் கடினமானது தொலைபேசிப் பேச்சு. பழைய இணைப்புகளில் சுமார் 3400 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலி வருவதில்லை. ஸ, ஃப போன்ற ஒலிகளைப் பிரித்தறிய உதவும் பகுதி அங்கேதான் இருக்கிறது. வாயசைவும் தெரியாது. பெயர், தேதி, எண் எல்லாவற்றையும் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். மருத்துவரிடம் போவதானால், நேரம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பல இடங்களில் அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால், புரியாததை விட்டுவிடும், அம்மா பயப்படுவார் என்று தோன்றியதையும் விட்டுவிடும். மருந்தின் அளவு அந்த விட்டுப்போன வாக்கியத்தில் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மொழி ஆசிரியர்