அந்த சதிக்கல்லுக்கு இன்னும் மூணு வரி எழுதுங்க

மாவட்ட அருங்காட்சியகங்கள்ல வேலை பார்க்கிற காப்பாட்சியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் அக்கா பொண்ண கூட்டிட்டு ஒரு மியூசியத்துக்கு போயிருந்தேன், ஏழாவது படிக்கிறா. வெளிய வேப்பமரத்தடியில ஒரு கல்லு நிக்குது. வாளோட ஒரு வீரன், பக்கத்துல ஒரு பொண்ணு, தூக்கின கையில வளையல். இவ அந்த வளையல விரலால தடவிக்கிட்டே "இந்த அக்கா டாட்டா காட்டுறாங்களா சித்தி"ன்னு கேட்டா. போர்டுல "சதிக்கல், கி.பி. 17ஆம் நூற்றாண்டு", அவ்ளோதான். புருஷன் செத்ததும் இவங்களும் உடன்கட்டை ஏறி தீயில போயிட்டாங்க, அதுக்குப் பேருதான் சதி, வளையல் உடையலங்கிறது சுமங்கலியாவே செத்தாங்கன்னு காட்டுறதுக்குன்னு நான்தான் சொன்னேன். பஸ்ல வர்ற வழி பூரா பேசவே இல்ல அவ.

அன்னைக்கு நைட்டு எனக்கு அமெரிக்காவுல இருக்கிற பால்டிமோர் ஞாபகம் வந்துச்சு. 1992ல அங்க மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்து மியூசியத்துல, ஃப்ரெட் வில்சன்னு ஒரு கறுப்பின ஆர்டிஸ்ட்ட கூப்பிட்டு எங்க குடோன்ல இருக்கிறத வச்சே ஒரு கண்காட்சி பண்ணுங்கன்னு விட்டாங்க. அவர் புதுசா ஒண்ணும் செதுக்கல, வரையல. பளபளன்னு வெள்ளிக் கூஜா, கோப்பை எல்லாம் அடுக்கியிருந்த பெட்டிக்குள்ள, நடுவுல அடிமைங்களுக்கு மாட்டின இரும்பு விலங்கை வச்சாரு. லேபிள்ல "உலோக வேலைப்பாடு 1793-1880"ன்னு மட்டும். ரெண்டுமே அதே மியூசியத்தோடது, ஆனா வெள்ளி மட்டும்தான் அதுவரைக்கும் ஷோகேஸ்ல இருந்துச்சு. விலங்கு பக்கத்துல வந்ததும் அந்த கூஜாவ வாங்கின காசு எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்குறவங்களே யோசிக்க ஆரம்பிச்சாங்க. எத எதுக்கு பக்கத்துல வைக்கணும்னு முடிவு பண்ற அந்த அதிகாரம் உங்க கையிலதாங்க இருக்கு, அதுக்குத்தான் இந்த லெட்டரே.

நம்ம கிட்டயும் இருக்கே. கோயிலுக்கு நிலம் குடுத்த செப்பேட்ட கண்ணாடிக்குள்ள வைக்கிறோம், ஆனா மனுஷங்கள வித்த பத்திரங்களும், அதாவது ஆளோலைகளும், இதே தமிழ்லதான் எழுதியிருக்கு. அதுல ஒண்ணோட நகலையாவது அந்த செப்பேட்டுக்கு பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்ம பெருமைய குறைக்கிற வேலை இதுன்னு யாராவது சொல்லுவாங்க, எனக்கு அப்படி தோணல, கொடுத்தவங்க பேரு இருக்கிற ஹால்ல விக்கப்பட்டவங்க பேரும் இருக்கட்டும்னுதான் கேக்குறேன்.

ஆளு பத்தல, ஃபண்டு இல்லன்னு நீங்க படுற கஷ்டம் புரியுது. நான் கேக்குறது ஒரு போர்டு. அந்தப் பொண்ணு எப்படி செத்தா, வளையலுக்கு என்ன அர்த்தம், 1830ல மெட்ராஸ் மாகாணத்துல சதிய சட்டம் போட்டு தடுத்தாங்க, இந்த மூணும் ஒரு ஸ்கூல் பிள்ளைக்கு புரியிற தமிழ்ல. ஊர்ல இருக்கிற ஓவியர், ஃபோட்டோகிராஃபர் யாரையாவது ஒரு மாசம் உள்ள விட்டு, குடோன தொறந்து காட்டுங்க, அவங்க கண்ணுக்கு வேற ஏதாவது படும்.

தூசி தட்ட, எழுதிக் குடுக்க ஆள் வேணும்னா நான் வரேன். ஞாயித்துக்கிழமை மறுபடியும் அங்கதான் போறோம், அந்தக் கல்ல வரையணும்னு அவ நோட்டு எடுத்து வச்சிருக்கா.