வாசகர் வட்ட ஆண்டறிக்கை: போரும் ரயிலும் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நீடாமங்கலத்தில் கூடும் நம் வட்டம், போர்க்காலத்தில் ரயில் எப்படிப் படைகளுக்குச் சோறு போட்டது என்பதை இந்த ஆண்டுக்கான பொருளாக எடுத்துக்கொண்டது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள், ஆசிரியர்கள், கூட்ஸ் ஷெட்டில் நெல் மூட்டை ஏற்றுபவர்கள் எல்லோரும் வந்ததால் கூட்டங்கள் களைகட்டின.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தொடங்கினோம். 1864இல் அட்லாண்டா நோக்கிப் போன வடக்குத் தரப்புத் தளபதி ஷெர்மனின் படையில் ஒரு லட்சம் பேர், 35,000 கால்நடைகள். இவ்வளவுக்கும் வேண்டியது 196 நாட்கள் லூயிவில்லில் இருந்து 473 மைல் ஒற்றைப் பாதையில் வந்து சேர்ந்தது. ரயில் இல்லாவிட்டால் ஆறு கோவேறு கழுதைகள் பூட்டிய 36,800 வண்டிகள் தேவைப்பட்டிருக்கும் என்று ஷெர்மனே கணக்கு எழுதியிருக்கிறார்.

அதே போரில் ரயில்களை நடத்திய ஹெர்மன் ஹாப்ட், வந்த வேகனை உடனே காலி செய்து திருப்பி அனுப்ப வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். ரயில் ஓட்டத்தில் படை அதிகாரிகள் தலையிடவும் அவர் விடவில்லை. 1870இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கோட்டை விட்டார்கள். மெட்ஸ் நிலையத்தில் சரக்கு இறக்காத வேகன்கள் குவிந்து வழியையே அடைத்துக்கொண்டன. இறக்க ஆள் இல்லாமல் ரேக் (ஒரு சரக்கு ரயிலின் வேகன் தொடர்) நின்றால் என்ன ஆகும் என்பதை நம் லோடுமேன்கள் அன்று விளக்கிய அளவுக்கு எந்தப் புத்தகமும் விளக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் அசாம் பக்கம் போன சரக்கை அகலப் பாதையிலிருந்து அதைவிடக் குறுகிய மீட்டர் கேஜுக்கு மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. பிரம்மபுத்திராவில் பாலம் இல்லாததால் வேகன்களைப் படகில் ஏற்றிக் கடத்தினார்கள். நம் பக்கத்திலும் போரின் கை நீண்டது. மதுரை–போடி பாதையின் தண்டவாளத்தை அப்போது பெயர்த்தார்கள், 1950களில்தான் திரும்பப் போட்டார்கள்.

அதிக நேரம் பேசியது சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா பாதையைப் பற்றி. கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகளின் தொல்லை இருந்ததால், பர்மாவில் இருந்த தன் படைக்குச் சரக்கு அனுப்ப ஜப்பான் காட்டுக்குள் 415 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் போட்டது. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்து அந்தத் தண்டவாளத்தைக் கொண்டுபோனார்கள். கூடவே தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்தில் காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். படைக்குச் சோறு போகப் பாதை போட்டவனுக்குச் சோறு வரவில்லை. நாளுக்கு 3,000 டன் என்று போட்ட திட்டத்தையும் அந்தப் பாதை எட்டவேயில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்கள் நம் தாத்தா பாட்டி தலைமுறைதானே! அன்று கூட்டம் கலைய வெகுநேரமானது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அப்புறம் ஒரு வேண்டுகோள். மலாயாவிலிருந்து வந்த பழைய கடிதம், கப்பல் சீட்டு, புகைப்படம் எது வீட்டில் இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம்.

செயலாளர்