பூனைக்குப் போன வஞ்சிரம்: ஆயாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆயா,

உனக்குப் படிக்கத் தெரியாது. தம்பி வாசித்துக் காட்டுவான். நடுவில் சிரித்தால் முதுகில் ஒன்று வை. வீட்டுக்குள் சொல்ல வேண்டியதை ஊரறிய எழுதக் காரணம் இருக்கிறது. நான் சாப்பிடாமல் இளைத்துப்போனதைப் பார்த்து, எனக்குக் காதல் தோல்வி என்று கல்மண்டபம் மார்க்கெட் வரை பேசி முடித்துவிட்டார்கள். தோற்பதற்காவது ஒரு காதல் இருந்திருக்கலாம்.

மாடிப்படிப் பூனை நினைவிருக்கிறதா? காசிமேட்டிலிருந்து நீ வாங்கி வரும் வஞ்சிரத்தின் நடுத்துண்டும் சினையும் என் தட்டுக்குத்தான் வரும். காற்றாடச் சாப்பிடுகிறேன் என்று தட்டோடு மாடிக்குப் போய்விடுவேன். நான் இளைக்க இளைக்க அது பெருத்தது. ஒருநாள் நீ அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "தெருப் பூனையெல்லாம் எலும்பும் தோலுமாகத் திரிகிறது, இதற்கு மட்டும் யார் ஊட்டுகிறார்கள்?" என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. பசி எனக்குப் பழகிவிட்டிருந்தது ஆயா. உன்னிடம் பொய் சொல்வது மட்டும் கடைசிவரை பழகவில்லை.

ஆடி மாதம் கூழ் வார்க்கிற அன்று பட்டதுதான் பெரிய பாடு. சொம்பு நிறையக் கூழ், பக்கத்தில் முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. நீ எதிரில் நிற்கிறாய். ஒரு வாய் வைப்பதற்குள் என் தலைக்குள் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை எழுத ஆரம்பித்துவிட்டான்: இதைக் குடித்தால் நாளை எதை விடுவது, யார் பார்க்கிறார்கள், சொம்பை எங்கே கவிழ்ப்பது. அன்றைக்கு நீ அம்மன் முன்னால் என் பெயரைச் சொல்லி அழுதாயாமே. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சித்தி சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

கல்யாணப் பந்திக்குப் பயந்து தோழிகளை இழந்தேன். அது போகட்டும். நீ வேப்பிலை அடித்துப் பார்த்தாய், மந்திரித்துக் கயிறு கட்டினாய். தெருமுனை டாக்டர் பசி டானிக் எழுதிக் கொடுத்தார். பசியில் வயிறு எரிகிறவளுக்குப் பசி டானிக்!

தம்பிதான் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தான். தமிழிலேயே பேசி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டாக்டரம்மா நடந்த கதை ஒன்றைச் சொன்னார். போரில் பட்டினி கிடந்த மக்களைத் தேற்றுவது எப்படி என்று அறிய, 1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் 36 பேர், தாமாக முன்வந்து ஆறு மாதம் அரை வயிற்றோடு இருந்தார்கள். நாள் போகப் போகச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். சிடுசிடுத்தார்கள், யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கினார்கள். கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது நான்தானே? அவர்கள் என்னைப்போல் கண்ணாடிக்குப் பயந்து தொடங்கியவர்கள் இல்லை. ஆனாலும் பட்டினி அவர்களையும் அதே மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. திமிர் என்று நீ திட்டியதில் பாதி, பசி பேசிய பேச்சு.

இப்போது வேளை தவறாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நீயும் என் தட்டைப் பார்க்காமல் உளுந்தில் கல் பொறுக்குகிறாய். இட்லி சுடத் தெரிந்த உனக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது? சில நாள் இரண்டு இட்லி இறங்குகிறது, சில நாள் ஒன்றோடு கை நின்றுவிடுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "கன்னம் வைத்துவிட்டது, இப்போதுதான் லட்சணம்" என்று சொல்லாதே. ஆசையாகத்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் கணக்குப்பிள்ளை அதைக் கேட்டதும் நோட்டைத் திறந்துவிடுகிறான். அதற்குப் பதிலாக மீன் விலையைப் பேசு, எதிர்வீட்டுக்காரியைத் திட்டு, கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன்.

அப்புறம், அந்தப் பூனை ரொம்பவும் இளைத்துவிட்டது. நெத்திலி ஆயும்போது தலையையாவது அதற்குப் போடு.

உன் பேத்தி